பூக்கடைக்கும் விளம்பரமா?

எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவன், ஆரியசாலை



"பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுமா?" என்று நம்மவர் கேட்பதுண்டு. மலர் இருக்கும் இடத்தை மணமே காட்டிவிடும். கூவி அழைக்க வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. தோவாளைப் பூ வந்து இறங்கும் காலை வேளையில் சாலைக் கடைத்தெரு வழியே நடப்பவர் எவரும் இப்பழமொழியை மறுக்கமாட்டார். ராஜா கேசவதாசர் திருவிதாங்கூர்த் திவானாக இருந்தபோது, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த கடைத்தெரு இது. கிழக்கேகோட்டையிலிருந்து எங்கள் ஆரியசாலைப் பக்கமாக நீளும் இத்தெருவில், தமிழகத்திலிருந்து வந்து கடை வைத்தவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். எடை குறையாமை, தரம் குன்றாமை, சொன்ன சொல் மாறாமை ஆகிய மூன்றுமே அவர்களை இங்கு நிலைநிறுத்தின. ஒருவர் வாங்கிப் பார்த்து மற்றொருவரிடம் சொன்னார். அவர் வந்து வாங்கி மூன்றாமவரிடம் சொன்னார். இத்தெருவில் பெயர் வளர்ந்தது இப்படித்தான்.

இன்று மக்கள் தேடும் தெரு வேறு. கடையைத் தேடுகிறவரும், மருத்துவரைத் தேடுகிறவரும், கல்லூரியைத் தேடுகிறவரும் முதலில் கைப்பேசியை எடுத்துத் தேடுபொறியைக் கேட்கின்றனர். அந்தத் தெருவில் மணம் வீசுவதில்லை. எது முதலில் நிற்க வேண்டும், எது பத்தாவதாக நிற்க வேண்டும் என்பதைக் கணக்கு முடிவு செய்கிறது. அந்தக் கணக்கும் இரண்டு வகை. ஒன்று தகுதியை எடை போடுகிறது. மற்றொன்று பணத்தையும் சேர்த்து எடை போடுகிறது. இரண்டின் முடிவுகளும் ஒரே பக்கத்தில், ஏறத்தாழ ஒரே உருவில், ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கின்றன.

விளம்பரம் செய்வதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. வணிகம் உள்ள இடத்தில் விளம்பரமும் இருக்கும். ஆயின், விலைக்கு வாங்கிய இடம் எது, தகுதியால் கிடைத்த இடம் எது என்பதைப் படிக்கிறவன் ஒரே பார்வையில் அறிய வேண்டும். உழைத்துப் பெயர் எடுத்தவன், அப்பெயரைத் தானே மறுபடியும் விலை கொடுத்து வாங்கும்படி நேரக் கூடாது. இவ்விரண்டு நியாயங்களும் இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. அவை வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டு கணக்குகள்

விஞ்ஞான மாணவன் என்ற முறையில், இவ்விரு கணக்குகளையும் முதலில் சுருக்கமாக விளக்கிவிடுகிறேன்.

1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் லாரி பேஜ், செர்கேய் பிரின் என்ற இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் இருந்தனர். ஏறத்தாழ நம் வயதினர். இணையத்தில் ஒரு பக்கம் மற்றொரு பக்கத்துக்கு வழிகாட்டுமானால், அதை ஒரு பரிந்துரையாகக் கொள்ளலாம் என்று அவர்கள் கருதினர். பலர் பரிந்துரைக்கும் பக்கத்துக்கு மதிப்பு மிகும். மதிப்பு மிக்க பக்கமே பரிந்துரைத்தால் மதிப்பு இன்னும் மிகும். ஊரில் நான்கு பெரியவர்கள் நல்லவர் என்று சொன்ன வைத்தியரைத் தேடிப் போகிறோமே, அந்த முறையேதான். இந்தக் கருத்தைக் கணிதமாக்கி அவர்கள் எழுப்பிய நிறுவனம் கூகுள். இவ்வழியாலும், பின்னர்ச் சேர்ந்த வேறு பல அளவைகளாலும் வரும் விடைகளை 'இயல்பான விடைகள்' என்கிறோம். இவற்றின் இடத்தைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

மற்றொரு கணக்கு ஏலம். அதே 1998-ஆம் ஆண்டில் பில் கிராஸ் என்பவர் தொடங்கிய கோடூ என்ற தேடுபொறி, சொற்களை ஏலம் விட்டது. ஒரு சொல்லுக்கு யார் அதிக விலை சொல்கிறாரோ அவருக்கே முதலிடம். பயனர் அவ்விடத்தைச் சொடுக்கினால் மட்டுமே பணம். அந்தக் கோடூவிடம் ஒரு நேர்மை இருந்தது. எந்த விடைக்கு எவ்வளவு விலை தரப்பட்டது என்பதையும் அருகிலேயே போட்டுக் காட்டியது! 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் கூகுளும் தன் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. 2002-ல் ஏல முறையை அதில் புகுத்தியது. ஆனால் விலையை மட்டும் பார்க்காமல், விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துப் பெருக்கியது.

ஓர் எடுத்துக்காட்டு. 'பாத்திரக்கடை' என்ற சொல்லுக்கு இருவர் போட்டியிடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். முதல்வர் ஒரு சொடுக்குக்கு 20 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். அவர் விளம்பரத்தின் தர மதிப்பு 4. இரண்டாமவர் சொல்வது 12 ரூபாய். தர மதிப்பு 8. பெருக்கினால் முதல்வருக்கு 80, இரண்டாமவருக்கு 96. எனவே குறைந்த விலை சொன்ன இரண்டாமவருக்கே மேலிடம். அவர் கொடுக்க வேண்டியதும் 12 ரூபாய் அன்று. 80-ஐ 8-ஆல் வகுத்து வரும் 10 ரூபாயை ஒட்டிய தொகையே. இன்று இக்கணக்கில் வேறு பல கூறுகளும் சேர்ந்துள்ளன, அடிப்படை இதுதான். கணக்கு என்ற அளவில் அழகானது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: பணம் தர இயலாதவன் இக்கணக்கினுள் நுழையவே முடியாது.

அன்றே உரைத்த எச்சரிக்கை

பேஜும் பிரினும் 1998-ல் தங்கள் தேடுபொறியைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். அதன் பின்னிணைப்பில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. விளம்பரப் பணத்தால் வாழும் தேடுபொறி, இயல்பாகவே விளம்பரம் தருவோர் பக்கம் சாயும். பயன்படுத்துவோர் தேவையிலிருந்து விலகும் என்பது அதன் சாரம். ஆதலின் எல்லாரும் உள்ளே பார்க்கக்கூடிய ஒரு தேடுபொறி கல்வித் துறையில் இருக்க வேண்டும் என்றும் அவர்கள் எழுதினர். மாணவராக இருந்தபோது கண்ட உண்மை அது. முதலாளிகளான பின்பு நடந்தது என்ன? 2024-ஆம் ஆண்டில் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட் ஈட்டிய வருவாய் ஏறத்தாழ 35,000 கோடி டாலர். அதில் 19,800 கோடி டாலர் அளவுக்குத் தேடலையும் அதைச் சார்ந்தவற்றையும் ஒட்டிய விளம்பரத்தால் வந்தது. பாதிக்கு மேல்! தராசு பிடிப்பவனுக்குக் கூலி தருபவன், தட்டில் சரக்கை வைத்தவனே என்றால், முள் எந்தப் பக்கம் சாயும் என்ற ஐயம் எழுவது இயற்கைதானே?

சென்னையில் எழுந்த வழக்கு

இது எங்கோ கடல் கடந்து நடக்கும் செய்தி என்று எண்ண வேண்டா. இந்தியாவில் இக்கேள்வியை நீதிமன்றத்தின் முன் வைத்தவர்களுள் முதன்மையானது ஒரு சென்னை நிறுவனம். முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய பாரத்மேட்ரிமோனி என்ற திருமணத் தகவல் நிலையத்தை அறியாத தமிழ்க் குடும்பம் குறைவு. தமிழ்மேட்ரிமோனி முதலான பெயர்களும் அதற்கு உண்டு. அப்பெயர்களைத் தட்டித் தேடியவர்களுக்குப் போட்டி நிறுவனங்களின் விளம்பரங்கள் காட்டப்பட்டன. தன் பெயரைச் சொல்லித் தன்னைத் தேடி வந்தவரை இடைவழியில் மறித்து வேறு கடைக்கு அழைப்பது போன்றது இது என்று அந்நிறுவனம் கருதியது. 2009-ஆம் ஆண்டில் கூகுள்மீதும் போட்டி நிறுவனங்கள்மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

2010 செப்டம்பர் 30-ஆம் நாள் நீதிபதி வெ. ராமசுப்பிரமணியன் தடை உத்தரவு தர மறுத்துவிட்டார். வழக்கில் ஒரு சிக்கல் இருந்தது. 'தமிழ்' என்பது எல்லாருக்கும் உரிய சொல். 'மேட்ரிமோனி' என்பதும் திருமணம் என்ற பொருளுடைய பொதுச் சொல். பொதுச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்துக்கொண்டு, வேறு எவரும் அவற்றைத் தொடக் கூடாது என்று சொல்ல முடியுமா? நியாயமான கேள்விதான். மொழி ஒரு கடையின் சொத்தாகக் கூடாது என்பதை நாமும் ஒப்புக்கொள்வோம். ஆனால் மற்றொரு கேள்வியும் உண்டு. எவருக்கும் உரிமை இல்லாத அந்தப் பொதுச் சொல்லை ஏலத்தில் விடும் உரிமை மட்டும் ஒரே ஒரு நிறுவனத்துக்கு எப்படி வந்தது?

போராட்டம் அத்துடன் முடியவில்லை. 2012-ல் அச்சென்னை நிறுவனமும், கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டன. ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர், 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆணையம் தீர்ப்பளித்து, கூகுளுக்கு ரூ. 135.86 கோடி தண்டம் விதித்தது. தீர்ப்பின் உட்பொருளைக் கூர்ந்து நோக்க வேண்டும். சொற்களை ஏலம் விடும் முறையில் ஆணையம் குற்றம் காணவில்லை. தேடல் விடைகளுக்கு நடுவே கூகுள் தன் சொந்தச் சரக்கை முன்னிறுத்தியதில்தான் குற்றம் கண்டது. குறிப்பாக, விமானப் பயணம் பற்றித் தேடுவோருக்கு ஒரு பெட்டி காட்டப்பட்டது. அதிலுள்ள இணைப்பு கூகுளின் சொந்தப் பக்கத்துக்கே இட்டுச் சென்றது. அந்த இணைப்பு கூகுளின் பக்கத்துக்குத்தான் போகிறது என்று அப்பெட்டியிலேயே எழுதிக் காட்டும்படி ஆணையம் ஆணையிட்டது. கூகுள் மேல்முறையீடு செய்தது. வழக்கு எப்படியாயினும், அந்த ஆணையில் ஒரு கொள்கை இருக்கிறது: 'நீ விற்கிறாய் என்றால், விற்கிறேன் என்று சொல்லிவிட்டு விற்க வேண்டும்.'

2023 ஆகஸ்டு 10-ஆம் நாள் தில்லி உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் இன்னும் ஓரடி முன் சென்றது. வீட்டுச் சாமான் இடமாற்றும் நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கு அது. பிறருடைய வணிகப் பெயரை விளம்பரச் சொல்லாகப் பயன்படுத்துவது மட்டுமே குற்றமாகாது; மக்களைக் குழப்பினால் குற்றமாகும் என்றது நீதிமன்றம். அத்துடன், இவ்விளம்பர வணிகத்தில் கூகுள் ஒன்றும் அறியாது ஒதுங்கி நிற்கும் இடைத்தரகர் அன்று. அதில் தானே பங்குகொண்டு ஆதாயம் பெறுவது என்றும் சொன்னது. சட்டம் மெல்ல நடக்கிறது. ஆனால் சரியான திசையில் நடக்கிறது.

அண்ணாச்சி கேட்ட கேள்வி

சட்டம் கிடக்கட்டும். எங்கள் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நெல்லைக்காரர் ஒருவரிடம் இதைப் பற்றி ஒருநாள் பேசிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, போன மாசம் ஒருத்தன் போன் பண்ணினான். மாசம் இவ்வளவு கட்டினா, நம்ம கடைப் பேரைத் தேடுறவங்களுக்கு நம்ம கடையையே முதல்ல காட்டித் தருவானாம்" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க அண்ணாச்சி?" என்றேன்.

"எங்க அப்பா காலத்திலேர்ந்து இந்தப் பேரு எங்க பேருதானே. எம் பேரைச் சொல்லி எங்கிட்ட வர்றவனை எங்கிட்டயே அனுப்ப நான் எதுக்குப் பணம் கட்டணும்னு கேட்டேன். நீங்க கட்டாட்டி இன்னொருத்தர் கட்டுவார், அப்புறம் உங்க இஷ்டம்னு சொல்லிட்டு வச்சிட்டான்."

போன் செய்தவன் யாரோ ஒரு தரகன்; அவன் பெயர் நமக்கு வேண்டா. ஆனால் அண்ணாச்சியின் கேள்வியை நீதிமன்றங்களும் ஆணையங்களும் சேர்ந்து இன்னும் முழுமையாகத் தீர்க்கவில்லை. பெரிய நிறுவனம் தன் பெயருக்கே விலை கொடுத்துக் காத்துக்கொள்ளும். அந்தச் செலவைச் சரக்கின் விலையில் ஏற்றிவிடும். சிறு கடைக்காரர் என்ன செய்வார்? கொடுத்தால் ஆதாயம் போகும். கொடுக்காவிட்டால் பெயர் போகும். கடைசியில் அந்த விலையைக் கொடுப்பவர் யார்? தேடல் இலவசம் என்று எண்ணி மகிழும் நாம்தாம்.

முத்திரை தேய்ந்த கதை

விளம்பரத்துக்குத்தான் முத்திரை இருக்கிறதே, படித்தவர்கள் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். அந்த முத்திரையின் வரலாற்றைப் பாருங்கள்.

விளம்பரங்களுக்கு வண்ணப் பின்னணி இட்டுக் காட்டிய காலம் ஒன்று இருந்தது. 2013-ல் பின்னணி போய், மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு முத்திரை வந்தது. 2016-ல் முத்திரை பச்சையாயிற்று. விடைகளின் முகவரியும் அப்போது பச்சை நிறமே! அதே ஆண்டு பிப்ரவரியில், கணினித் திரையின் வலப்பக்கத்தில் தனியே நின்ற விளம்பரங்கள் எடுக்கப்பட்டன. விடைகளுக்கு மேலே நான்கு விளம்பரங்கள் வரை நிற்கலாயின. 2020-ன் தொடக்கத்தில் கணினித் திரையிலும் முத்திரை வெறும் கருப்பு எழுத்தாயிற்று. பலர் குறை கூறினர். 2022-ல் 'ஸ்பான்சர்டு' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. இவை ஒவ்வொன்றும் சிறு மாற்றமே. சேர்த்துப் பார்த்தால், வேலிக்கல் ஆண்டுதோறும் ஒரு சாண் நகர்ந்த கதை.

பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் பலவகைக் கொடிகள் பறந்தன. கள் விற்கும் இடத்துக்கு ஒரு கொடி. அறிஞர் வாதிடும் இடத்துக்கு ஒரு கொடி. தொலைவில் வருபவனும் எது விற்பனைக் கூடம், எது அறிவுக் கூடம் என்று அறிந்துகொண்டான். இன்றைய தேடுபொறியோ இரண்டு இடத்துக்கும் ஏறத்தாழ ஒரே கொடியைக் கட்டுகிறது. ஆங்கிலம் அறியாத நம் பாட்டியும் பெரியப்பாவும் 'ஸ்பான்சர்டு' என்பதைக் கண்டு என்ன பொருள் கொள்வார்கள்?

உலக அரசாங்கங்கள் இதை அறியாதிருக்கவில்லை. அமெரிக்க வணிக ஆணையம் 2002-லேயே தேடுபொறி நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதி, விலை பெற்ற விடைகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும்படி அறிவுறுத்தியது. நிலை தளர்ந்தது கண்டு 2013-ல் மறுபடியும் எழுதியது. நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட நெறிமுறைகள், இணைய வணிகத்தின் ஏமாற்று உத்திகள் 13-ஐப் பட்டியலிட்டன. மாறுவேடம் பூண்டு வரும் விளம்பரமும் அவற்றுள் ஒன்று. எனவே கேட்பதற்கு நமக்கு இடம் இருக்கிறது, கேட்பவர்தாம் இல்லை.

உயிருக்கு விலை

பாத்திரம் வாங்குவதில் ஏமாந்தால் சில நூறு ரூபாய் போகும். மருத்துவத்தில் ஏமாந்தால்?

2016-ஆம் ஆண்டில் சீன நாடே கொதித்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 21 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு அரிய வகைப் புற்றுநோய். சிகிச்சையைத் தேடியபோது, அந்நாட்டின் பெரிய தேடுபொறியான பைடூவில் ஒரு மருத்துவமனை மேலிடத்தில் தெரிந்தது. அது பணம் கொடுத்து வாங்கிய இடம். குடும்பம் பெரும்பொருள் செலவிட்டது, சிகிச்சை பலிக்கவில்லை. இறப்பதற்கு முன் அவர் தம் அனுபவத்தை எழுதி வைத்தார். அவ்வாண்டு ஏப்ரலில் அவர் இறந்தார். அரசாங்கம் விசாரித்தது. ஒரு பக்கத்தில் விலை பெற்ற விடைகள் 30 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது என்ற கட்டுப்பாட்டைப் பைடூ ஏற்றது. விலை பெற்ற தேடல் விடைகளை விளம்பரம் என்றே குறிக்க வேண்டும் என்ற விதி அவ்வாண்டு செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாணவர் இறந்த பின்பே முத்திரைக்கு உயிர் வந்தது.

நம் நாட்டிலும் ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட எச்சரிக்கைக் கையேடு, வங்கியின் தொலைபேசி எண்ணைத் தேடுபொறியில் தேடி, அங்குக் கிடைத்த போலி எண்ணை அழைத்துப் பணம் இழப்போரைப் பற்றிப் பேசுகிறது. போலி இணையப் பக்கங்களில் கட்டணம் செலுத்தி ஏமாற வேண்டா என்று வெளியுறவு அமைச்சகமும் கடவுச்சீட்டு கோருவோரை எச்சரித்திருக்கிறது. ஊரைவிட்டு வந்து படிக்கும் நமக்கு இது இன்னும் முக்கியம். விசாரித்துச் சொல்ல அருகில் மாமாவும் இல்லை, அத்தையும் இல்லை. விடுதி அறையும் கைப்பேசியும்தாம் உள்ளன. உதவித்தொகை, கல்விக்கடன், வேலை, வாடகை அறை ஆகிய எல்லாவற்றுக்கும் திரையில் முதலில் நிற்பவனையே நம்பும் நிலையில் இருக்கிறோம்.

இரண்டு மறுப்புகள்

இதற்கு மறுப்புகள் வரும். விளம்பரம் இல்லையேல் தேடல் இலவசமாகக் கிடைக்குமா என்பது முதல் மறுப்பு. கிடைக்காதுதான். நம் சங்க மலரின் பின்னட்டையிலும் கடை விளம்பரம் வருகிறது. அப்பணத்தால்தான் மலரே அச்சாகிறது. ஆனால் அட்டைக்குள்ளே கட்டுரை இருக்க வேண்டிய இடத்தில் அவ்விளம்பரத்தைக் கட்டுரைபோல் அச்சிட்டால் நீங்கள் பொறுப்பீர்களா? இலவசம் என்பது ஏமாற்றுவதற்கு உரிமைச் சீட்டு ஆகாது.

இயல்பான விடைகள் மட்டும் தூய்மையானவையா என்பது இரண்டாவது மறுப்பு. இது வலிமை உடையது. பரிந்துரைகளையே விலைக்கு வாங்கியும், ஒரே சொல்லைப் பக்கமெங்கும் இறைத்தும் மேலேற முயல்வோர் பலர் உண்டு. 2011-லும் 2012-லும் கூகுளே தன் கணக்கை மாற்றி இத்தகையோரைக் கீழிறக்கியது. ஆனால் வேறுபாட்டைக் காணுங்கள். அங்கே மோசடி செய்பவன் பிடிபட்டால் தள்ளப்படுகிறான். இங்கே பணம் கொடுப்பவன் வரவேற்கப்படுகிறான். தேர்வில் பார்த்து எழுதுபவர் சிலர் இருப்பதால், மதிப்பெண்ணையே ஏலம் விட்டுவிடலாம் என்று எவரும் சொல்வதில்லையே!

காலமும் கடந்துகொண்டிருக்கிறது. 2024-ஆம் ஆண்டு முதல் விடைகளை இயந்திர அறிவே தொகுத்து ஒரு பத்தியாகத் தருகிறது. அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் அத்தொகுப்புகளோடு விளம்பரங்களும் இடம்பெறத் தொடங்கின. பட்டியலில் விளம்பரத்தைப் பிரித்தறிவதே அரிது; பத்திக்குள் கலந்துவிட்டால் பாலில் கலந்த நீர்தான். அன்னப்பறவையைத் தேடி எங்கே போவோம்?

வேண்டுவனவும் செய்யத்தக்கனவும்

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, விளம்பர முத்திரை பயனர் தேடும் மொழியிலேயே இருக்க வேண்டும். தமிழில் தேடினால் 'விளம்பரம்' என்ற நம் சொல், தலைப்பு எழுத்தின் அளவில், பின்னணி நிறத்தோடு இருக்க வேண்டும். இரண்டாவது, ஒரு கடையின் அல்லது நிறுவனத்தின் பெயரை முழுமையாகச் சொல்லித் தேடும்போது, அதன் இயல்பான விடையே எல்லா விளம்பரங்களுக்கும் மேலே நிற்க வேண்டும். அண்ணாச்சியின் கேள்விக்கு இதுவே விடை. மூன்றாவது, மருத்துவம், கடன், அரசாங்கச் சேவை, கல்லூரிச் சேர்க்கை ஆகிய நான்கிலும் பணம் கொடுத்தவர் யார் என்பது விளம்பரத்தின் முகத்திலேயே தெரிய வேண்டும். விளம்பரதாரரைத் தேடிப் பார்க்க 2023-ல் கூகுள் ஒரு தனிப்பக்கம் திறந்தது உண்மை. நோயாளியின் மகன் அந்த நேரத்தில் அங்கே போய்த் தேடிக்கொண்டிருப்பானா?

இனி நாம் செய்யத்தக்கவை. அரசாங்க அலுவலகம், வங்கி, பல்கலைக் கழகம் ஆகியவற்றின் முகவரியைத் தேடாமல் நேரே தட்டுங்கள். வங்கியின் எண்ணை வங்கி அட்டையின் பின்புறத்தில் பாருங்கள். திரையில் முதலில் நிற்பதைத் தொடுமுன் விரலை ஒரு நொடி நிறுத்தி, முத்திரை இருக்கிறதா என்று நோக்குங்கள். ஒரே கேள்வியை நண்பர் இருவர் தத்தம் கைப்பேசியில் தேடி ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு உங்களுக்கே விளங்கும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இதை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

இவை எல்லாம் தற்காப்பு. ஆக்கப் பணி ஒன்றும் உண்டு. அது தமிழ் மாணவர்களாகிய நமக்கே உரியது. தகுதியால் மேலே வர ஒரு பக்கம் முதலில் எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? சர்க்கரை நோயைப் பற்றியோ, கல்விக்கடன் விதிகளைப் பற்றியோ தமிழில் தேடுகிறவனுக்கு நல்ல விடை கிடைக்கவில்லை என்றால், குற்றம் முழுவதும் தேடுபொறியின்மேல் இல்லை. பயிர் இல்லாத நிலத்தில் களை வளரத்தான் செய்யும். கூகுள் பிறந்த அதே 1998-ஆம் ஆண்டின் தைப்பொங்கல் நாளில், மதுரைத் திட்டம் என்ற பெயரில் தமிழன்பர்கள் ஒன்றுகூடித் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றத் தொடங்கினர். ஊதியம் கருதாத உழைப்பு அது. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா எழுந்தது. அதுவும் தொண்டர்களின் கையால் எழுந்ததே. இன்று தமிழ்நூல் ஒன்றைத் தேடினால் அவை நம் கண்முன் வந்து நிற்பது, எவருக்கும் ஒரு காசும் கொடுத்து அன்று.

நம் சங்கத்தில் இயற்பியல், வேதியியல், உயிரியல், பொருளாதாரம் படிப்போர் பலர் இருக்கிறோம். ஒவ்வொரு பருவத்திலும் ஒருவர் ஒரு கட்டுரை எழுதுவோம். தாம் நன்கு கற்ற ஒரு பொருளைப் பற்றி, பிழையில்லாமல், எளிய தமிழில், சான்றுகளோடு எழுதித் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்ப்போம். எழுதியதை மற்றொருவர் சரிபார்க்கட்டும். சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர விரும்புகிறேன். வழிமொழிய ஒருவர் முன்வந்தால் போதும். முதற் கட்டுரையை நானே எழுதித் தருகிறேன். நள்ளிரவில் நோயுற்ற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தமிழில் தேடும் தாய் ஒருத்திக்கு, விற்பனைக்காரனின் குரலுக்கு முன்னே நம் கட்டுரை போய்ச் சேருமானால், நாம் பெற்ற பட்டத்துக்கு அதைவிடப் பெரிய பயன் வேறு என்ன வேண்டும்?